ஆறு ஆசான்களும் ஒரு பொன்னாடையும்

சிலப்பதிகாரம் படிப்பவர்களும் படிப்பிப்பவர்களும் அரங்கேற்று காதைக்கு வந்தவுடன் சற்று வேகமாக நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மங்கல வாழ்த்தில் கோவலன் கண்ணகி திருமணம் முடிந்துவிட்டது. அடுத்துக் கதை மாதவியிடம் போக வேண்டும். ஆனால் இளங்கோவடிகள் நம்மை அவளிடம் விடாமல் ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டே போகிறார். காதையில் ஏறத்தாழப் பாதி இதற்கே போய்விடுகிறது. 'இலக்கணப் பட்டியல், கதைக்கு இடையூறு' என்று ஒதுக்கிவிட்டு, மாதவி வலக்கால் வைத்து ஏறும் இடத்துக்குத் தாவிவிடுவது நம்மில் பலருக்கும் வழக்கம். நானும் இளவயதில் அப்படித் தாவியவன்தான். கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரங்களில் உரையோடு வைத்துப் படிக்கத் தொடங்கிய பிறகே, காப்பியத்தில் எனக்கு மிகவும் வேண்டிய பகுதியாக அது ஆயிற்று. ஆசிரியருக்கு மரியாதை செய்வது எப்படி என்று தமிழில் இதைவிட நன்றாகச் சொன்ன இடம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆறு பேரை அடிகள் எப்படிப் புகழ்கிறார் என்று பாருங்கள். 'மாமேதை', 'இசைக்கடல்' போன்ற ஒரு சொல் கிடையாது. ஆடலாசானைப் பற்றிச் சொல்லும்போது, ஒற்றைக் கையால் காட்ட வேண்டிய இடத்தில் இரட்டைக் கை புகுந்துவிடாமல் பார்க்கத் தெரிந்தவன், ஒரு வகைக்கு உரிய கைத்தொழிலை இன்னொரு வகையில் கலக்காமல் விலக்கத் தெரிந்தவன் என்கிறார். கற்றுக்கொடுப்பவனுக்கு எதைச் சேர்ப்பது என்பதைக் காட்டிலும் எதைக் களைவது என்பதல்லவா பெரிய அறிவு? தண்ணுமைக்காரனுக்கு வரும்போது, மற்ற இசைகள் குறையும் இடத்தில் நிரப்பவும் மிகும் இடத்தில் அடக்கவும் தெரிந்தவன், தன் கை மேலோங்கிவிடாமல் பார்த்துக்கொள்பவன் என்கிறார். இன்றைக்கு நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் கேட்கிறவர்களுக்கு இந்த வரியின் அருமை சொல்லாமலே விளங்கும்! குழலோன் குரல், இளி என்னும் இரு நரம்பும் ஒத்து ஒலிப்பதைக் காதால் அளக்கத் தெரிந்தவன். பாட்டின் எழுத்து ஒவ்வொன்றும் பிழையின்றிக் கேட்கும்படி ஊதுகிறவன். யாழாசிரியனுக்கோ பதினான்கு நரம்பு தொடுத்த யாழில் பண் பெயர்த்துக் காட்டும் கணக்கே தனியாக வருகிறது.

இவற்றில் எந்த ஒன்றையும் இன்னொருவருக்கு மாற்றி வாசிக்க முடியாது. குழலோனுக்கு எழுதியது தண்ணுமை ஆசிரியனுக்குப் பொருந்தாது.

இதை நம் வாழ்த்துமடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறரைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படி ஒரு மடலை எழுதிய குற்றவாளி நானேதான். சில ஆண்டுகளுக்கு முன் நம் நகரத்து அமைப்பு ஒன்றில் மூத்த இசை ஆசிரியர்களைப் பாராட்டும் விழா நடந்தது. ஐம்பது ஆண்டுகளாக வீட்டுக் கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்துவரும் ஓர் அம்மையாருக்கு மடல் எழுதும் வேலை என்னிடம் வந்தது. 'தமிழ் தெரிந்த நயினார் இருக்கிறாரே' என்று கொடுத்துவிட்டார்கள். நானும் அகராதியைப் புரட்டிப் புரட்டி 'நாதப் பேரொளி', 'தன்னலமற்ற தவம்', 'மெழுகுவர்த்தியாய் உருகி' என்றெல்லாம் நிரப்பி, சட்டம் போட்டு, தங்க நிற எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். அவையில் நல்ல கைதட்டல். அந்த அம்மையார் மேடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பொன்னாடை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ஒரு கீர்த்தனை பாடுங்கள் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. அவர் மாணவி ஒருத்தியைப் பாடவைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. சிற்றுண்டி வரிசையில் என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"நன்னா எழுதியிருந்தேள், நயினார். ஆனா அடுத்த வருஷம் வயலின் வாத்தியாருக்கும் இதையே வாசிச்சுடலாம் போலிருக்கே?"

எனக்குத் தட்டில் இருந்த கேசரி இறங்கவில்லை.

விழாச் செலவுக் கணக்கும் என் கைக்கு வந்தது. வியாபாரி என்பதால் கணக்கு மட்டும் எப்போதும் என்னிடம்தான் வரும். மண்டப வாடகை, மேடை அலங்காரம், சால்வை, கேடயம், சிற்றுண்டி எல்லாம் போக, ஆசிரியருக்கு வைத்த பணமுடிப்பு கடைசி வரியில் இருந்தது. சிற்றுண்டிப் பற்றைவிட அது குறைவு. பேரேட்டைப் பார்த்தால் யாரை யார் கௌரவித்தார்கள் என்று தெரிந்துவிடும்.

பணவிஷயத்தில் அடிகளையும் நான் விட்டுவிடப் போவதில்லை. அரங்கேற்றம் முடிந்ததும் அரசன் மாதவிக்குப் பச்சை மாலையும் தலைக்கோல் பட்டமும் தருகிறான். ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் அவளுக்கே. ஏழாண்டு அவளைப் பயிற்றுவித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? காதையில் ஒரு சொல் இல்லை. அவர்கள் பெயரும் இல்லை. அரங்கின் அளவு இருக்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆசான்களின் ஊர் பேர் இல்லை. இது ஒரு குறை என்றே பல நாள் நினைத்திருந்தேன். பிறகு வேறொரு விளக்கம் தோன்றியது. அடிகளைச் சமணத் துறவி என்றே மரபு சொல்கிறது. நாங்கள் நாள்தோறும் சொல்லும் பஞ்ச நமஸ்காரத்தில் ஆசாரியருக்கும் உபாத்தியாயருக்கும் வணக்கம் உண்டு. ஆனால் எந்த ஆசாரியரின் பெயரும் அதில் வராது. ஆசாரியருக்கு 36 குணங்கள், உபாத்தியாயருக்கு 25 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்தக் குணங்களுக்கே வணக்கம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஒருவர் பெயரை விட்டுத் திறத்தைப் பாடினால் அதில் வியப்பில்லை என்பது என் துணிபு. ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கலாம். ஆனாலும் திறத்தைப் பாடிய கையோடு கொஞ்சம் பொன்னையும் கொடுக்கச் சொல்லியிருந்தால் துறவறத்துக்கு ஒன்றும் குறை வந்திருக்காது!

இன்னொரு செய்தியும் அந்தக் காதையில் உண்டு. அந்த ஆசான்கள் மாணவியை அரங்கில் ஏற்றிவிட்டு முன்வரிசையில் போய் உட்காரவில்லை. குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின் முழவும் சேர்ந்து ஒலிக்க அவள் ஆடினாள். கற்பித்தவர்களும் வாசித்தவர்களும் இருவேறு சாதியாக அங்கே இல்லை. நாம்தான் 'வித்துவான்' என்றும் 'பாட்டு வாத்தியார்' என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். சென்னை மியூசிக் அகாதெமி 1993 முதல் 'சங்கீத கலா ஆசார்யா' என்று ஆசிரியர்களுக்கெனத் தனி விருது கொடுத்துவருவது பாராட்டுக்குரியது. அதுவரை கவனிக்கப்படாத பலருக்கு அது வெளிச்சம் தந்தது. ஆயினும் 'சங்கீத கலாநிதி' தலைவாழை இலை, இது பக்கத்துப் பந்தி என்று ரசிகர் மனத்தில் ஒரு படி உண்டாகிவிட்டதை மறுக்க முடியுமா?

அந்தப் பிரிவு எவ்வளவு பொய் என்பதற்கு டாக்டர் எஸ். ராமநாதன் ஒருவரே போதும். 1917-இல் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்றவர். சிலப்பதிகாரத்தின் இசையையே ஆராய்ந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நூலும் எழுதினார், கச்சேரியும் செய்தார், வாழ்நாள் முழுக்கச் சொல்லியும் கொடுத்தார். கலாநிதி பட்டம் அவரிடம் வந்தது 1985-இல், 68 வயதில். மூன்று ஆண்டில், 1988-இல், மறைந்தார். அவரிடம் பயின்ற எஸ். சௌம்யாவுக்கு அதே பட்டம் 2019-இல் கிடைத்தது. அரங்கேற்று காதையின் இசையாசிரியனை நம் காலத்தில் கண்ணால் காண வேண்டுமென்றால் இவரைக் காட்டலாம்.

நம் பம்பாய்க்கு வருவோம். இங்கே மாட்டுங்காவில் 1945-லேயே திருவிடைமருதூர் குப்பையா பிள்ளை குடும்பத்தார் ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கிவிட்டார்கள். ஷண்முகானந்த சபை எழுந்தது 1952-இல். அதன் சங்கீத வித்யாலயத்தில் டி. எஸ். கிருஷ்ணசாமியிடம் வயலின் பயின்ற சிறுமிகள்தாம் பின்னாளில் ரஞ்சனி–காயத்ரி. டி. ஆர். பாலாமணி அம்மையாரிடம் பயின்றவர்களில் பாம்பே ஜெயஸ்ரீயும் உண்டு, சங்கர் மகாதேவனும் உண்டு. 2023-இல் ஜெயஸ்ரீ கலாநிதி ஆனபோது நம் வீடுகளில் எவ்வளவு பெருமை! அந்தப் பெருமையில் பாதியாவது அவருக்கு முதலில் ஸ்வரம் சொல்லிக்கொடுத்த மாட்டுங்கா, சயான், செம்பூர்க் கூடங்களுக்குச் சேர வேண்டாமா? ஆனால் புகழ்பெற்ற மாணவரைக் காட்டி ஆசிரியரை மதிப்பதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மாணவர் யாரும் மேடை ஏறாத ஆசிரியர் என்ன ஆவது? அந்த ஐம்பது ஆண்டு அம்மையாரின் பிள்ளைகளில் பெரும்பாலோர் வங்கியிலும் கணினியிலும் வேலை பார்க்கிறார்கள். நவராத்திரிக்கு இரண்டு பாட்டுப் பாடுவார்கள். அவ்வளவுதான்.

கேசரி இறங்காத அந்த மாலைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். 'டீச்சர், நீங்க என்னதான் சொல்லிக்கொடுக்கறீங்க, நான் உட்கார்ந்து பார்க்கட்டுமா?' என்றேன். சிரித்துவிட்டுப் பாய் போட்டார். அன்று கற்றது எனக்கு நாலு புத்தகத்துக்குச் சமம்.

இங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. பாட்டைத் தேவநாகரியில் எழுதிக்கொள்கிறார்கள். அந்த எழுத்தில் எ, ஏ இரண்டுக்கும் ஒரே குறிதான். ஒ, ஓ-வுக்கும் அப்படியே. 'கொடு' என்று எழுதினால் பிள்ளை 'கோடு' என்று நீட்டிப் பாடிவிடும். பொருளும் போயிற்று, தாளமும் இடறிற்று. ஆகவே முதல் ஆண்டு நோட்டுப் புத்தகமே கூடாது என்று வைத்திருக்கிறார். வாயால் சொல்லி, வாயால் வாங்கிக்கொள்ள வேண்டும். பாடுவதற்கு முன் அடியைப் பேச்சாகச் சொல்லவைக்கிறார். சொல் எங்கே பிரிகிறது என்று கேட்கிறார். சங்கதி போடும்போது சொல்லை நடுவில் வெட்டினால் அங்கேயே நிறுத்துகிறார். எல்லாவற்றையும்விட என்னை வியக்கவைத்தது ழகரம். மராத்தி பேசும் பிள்ளைகளுக்கு அந்த மொழியிலேயே ளகரம் உண்டு. அதை முதலில் பிடித்துக்கொண்டு, நாக்கை அண்ணத்தில் ஒட்டவிடாமல் இன்னும் சற்று உள்ளே வளைக்கச் சொல்லி, ழகரத்துக்கு அழைத்துப் போகிறார். இந்தி வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் படி கிடையாது. அதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்.

இளங்கோவடிகள் இசையாசிரியனுக்குச் சொன்ன தகுதிகளில் ஒன்று, தேசிகத்து ஓசைகளைப் பிழையற உணர்ந்திருப்பது. பல தேசத்தார் கலந்து வாழ்ந்த புகாரில் அது வெறும் அலங்காரத் தகுதியாக இருந்திருக்க முடியாது. எத்தனையோ முறை படித்தும் எனக்கு உறைக்காத அந்த இடம், மராத்தி ளகரத்திலிருந்து தமிழ் ழகரத்துக்கு ஒரு எட்டு வயதுப் பையன் ஏறிவந்ததைப் பார்த்தபோது உறைத்தது.

வீட்டுக்கு வந்து மடலைத் திரும்ப எழுதினேன். விழாதான் முடிந்துபோயிற்றே, யாருக்காக என்று என் மனைவி கேட்டாள். பதில் தெரியவில்லை, எழுதினேன். பேரொளி, தவம், மெழுகுவர்த்தி எல்லாம் போயின. நோட்டுப் புத்தகம் இல்லாத முதல் ஆண்டு, பேச்சாகச் சொல்லவைத்துப் பின் பாடவைக்கும் முறை, சங்கதியில் சொல் சிதையாமல் காப்பது, மூன்று மொழிப் பிள்ளைகளுக்கும் மூன்று வழியாக ழகரம் தருவது என்று கண்டதை மட்டும் வைத்தேன். அச்சடிக்கவில்லை, என் கையெழுத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். தம் பெயருக்கு மேலே சற்று இடம் இருந்தது. அங்கே தமக்குச் சொல்லிக்கொடுத்தவரின் பெயரை எழுதி, "இதை விட்டுட்டேளே" என்று திருப்பிக் கொடுத்தார்.