ஜிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்

மரபணுவியல் நூல்களில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. ஆண் சுண்டெலியின் விந்தகத்தில், மியாசிஸ் (விந்தும் முட்டையும் உருவாகும் செல்பிரிவு) நடந்துகொண்டிருக்கும் ஒரு செல். கறுப்புத் திரையில் சேமியாவைச் சிதறவிட்டதுபோல் சிவப்புக் கோடுகள், அவற்றின்மேல் பச்சைப் புள்ளிகள். நிறமெல்லாம் ஆய்வகத்தில் ஏற்றிய ஒளிர்சாயம்தான்.

முதலில் கோடுகளை எண்ணுங்கள். சுண்டெலிக்கு 40 குரோமோசோம்கள். படத்திலோ தடித்த கோடுகள் 19தான். அப்பன் வழி வந்ததும் தாய் வழி வந்ததும் நெடுக ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிகின்றன. இருபதாவது ஜோடி எக்ஸும் ஒய்யும். நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு, மீதி உடம்பைத் தள்ளியே வைத்திருக்கும். கூட்டத்தில் அதைத் தேடிப் பிடிப்பது தனி சுகம்.

ஒவ்வொரு தடித்த கோட்டுக்குள்ளும் ஒரு ஜிப் இருக்கிறது. 1956இல் மோசஸும் ஃபாசெட்டும் தனித்தனியே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டது: இரண்டு தண்டவாளங்கள், நடுவே குறுக்குக் கட்டைகள், அகலம் ஏறக்குறைய 100 நானோமீட்டர். ஜோடியைப் பிடித்து வைத்திருப்பது இதுதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஜோடி பிரிவதற்கு முன்பே ஜிப் கழன்றுவிடுகிறது. கழன்ற பிறகும் ஜோடி பிரிவதில்லை.

இப்போது பச்சைப் புள்ளிகளுக்கு வாருங்கள். அநேகமாக ஒவ்வொரு கோட்டிலும் ஒன்று, சிலவற்றில் இரண்டு. இரு குரோமோசோம்களும் டிஎன்ஏவை வெட்டித் துண்டு மாற்றிக்கொண்ட இடங்கள் அவை. ஜிப் கழன்றபின் ஜோடி கோத்து நிற்பதும் இங்கேதான். பெல்ஜியத்து ஜான்சென்ஸ் 1909இல் இதைக் கயாஸ்மா என்றார்.

பிடியின் சூட்சுமம் புரிய, கையில் நூலை எடுங்கள். மியாசிஸுக்குள் நுழையும் முன்பே ஒவ்வொரு குரோமோசோமும் இரட்டித்திருக்கும்; அந்த இரு பிரதிகளாக இரண்டு சிவப்பு நூல்களைப் பசை தடவி நெடுக ஒட்டுங்கள். அதன் ஜோடிக்கு, அதேபோல் இரண்டு மஞ்சள். நடுவில் ஒரு சிவப்பையும் ஒரு மஞ்சளையும் மட்டும் வெட்டி, கீழ்ப்பாதிகளை மாற்றி முடிச்சுப் போடுங்கள். மேல்நுனிகளைப் பிடித்து எதிரெதிரே இழுங்கள், பிரியாது. முடிச்சை அவிழ்க்காமல், அதற்குக் கீழே உள்ள பசையை மட்டும் பிரித்துவிட்டு இழுங்கள். சட்டென்று விட்டுவிடும்! ஆக, சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து வைத்திருந்தது, சிவப்பைச் சிவப்போடும் மஞ்சளை மஞ்சளோடும் ஒட்டிய பசை. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

செல்லில் அந்தப் பசை கொஹீசின் என்னும் புரத வளையம். வேளை வந்ததும் செப்பரேஸ் என்ற நொதி அதை வெட்டும். குரோமோசோமை இழுக்கும் இழைகள் பற்றும் இடமான சென்ட்ரோமியர் அருகே மட்டும் வெட்டவிடாமல் ஷுகோஷின் என்ற புரதம் காக்கும். ஜப்பானிய மொழியில் காவல் தெய்வம் என்று பொருள். நம்மூர் எல்லைச்சாமி என்று வைத்துக்கொள்ளலாம்.

பெண்ணுக்கு இந்தப் பசை அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே பூசப்பட்டுவிடுகிறது. நாற்பது வயதில் வெளிவரும் முட்டையிலும் அதே பழைய பசைதான்; புதிதாகப் பூசப்படுவதில்லை என்றே சுண்டெலிச் சோதனைகள் காட்டுகின்றன. இளம் சுண்டெலி, கிழட்டுச் சுண்டெலி இரண்டின் முட்டைப் படங்களும் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழட்டு முட்டையில் கொஹீசினின் ஒளி மங்கியிருக்கும். ஒட்டியிருக்க வேண்டிய சென்ட்ரோமியர்களுக்கு நடுவே இடைவெளி சற்றே அகன்றிருக்கும்.