சதுர அடிக்குள் மறைந்த கூலி

தருமபுரி மாவட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பந்தலுக்கும் மேளத்துக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஆள் சொல்லும் அதே நேரத்தில் பிளெக்ஸ் கடைக்கும் போன் போய்விடும். பாலக்கோடானாலும் அரூரானாலும் பென்னாகரமானாலும் வழக்கம் ஒன்றுதான்: எடுப்பதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நின்றாக வேண்டும். கடைக்காரர் முதலில் கேட்பது, "போட்டோ இருக்குதுங்களா?" பல வீடுகளில் இருக்காது. ஆதார் அட்டையிலுள்ள மங்கலான முகம், அல்லது பேத்தி கல்யாண ஆல்பத்தில் நாற்பது பேருக்கு நடுவே ஓரமாக நிற்கும் உருவம். வாட்ஸ்அப்பில் வந்து சேர்வது இவைதான்.

செயற்கை நுண்ணறிவு கலைஞர்களின் பிழைப்பைக் கெடுக்குமா என்ற கவலை ஹாலிவுட்டில் பெரிய போராட்டமாகவே வெடித்தது. 2023-இல் அங்கே திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதியத்தோடு இதையும் கோரிக்கையாக வைத்தார்கள். தருமபுரியில் அதே கவலை இந்த மங்கலான படத்தோடு கடைக்குள் நுழைகிறது. சினிமாவைப் பற்றி எவ்வளவோ பேசியாகிவிட்டது. பேனர், பத்திரிகை, கோயில் நோட்டீஸ் என்று தெருவில் நடக்கும் படைப்பு வேலையை யாரும் படைப்பு என்றே எண்ணாததால், அதில் ஏஐ செய்யும் நல்லதும் கெட்டதும் கணக்கில் வராமலே போகின்றன.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். முன்பெல்லாம் டிசைனர் போட்டோஷாப்பில் தலையை மட்டும் வெட்டி எடுத்து, கைவசமிருக்கும் வெள்ளைச் சட்டை உடம்பு ஒன்றில் ஒட்டுவார். செத்துப்போனவர்கள் எல்லோருக்கும் ஒரே சட்டை, ஒரே மடிப்பு. கழுத்தின் நிறம் முகத்தோடு சேராது. இன்று அந்த வேலையை ஒரு செயலி ஒரே நிமிடத்தில் சுத்தமாக முடிக்கிறது. இதனால் கூடுதல் பலன் பெண்களுக்கு. ஆயுள் முழுக்கத் தனியாக ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத கிழவிகள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். ஸ்டுடியோவுக்குப் போக நேரமும் இல்லை, போகச் சொன்னவரும் இல்லை. அவர்களுக்கு முதன்முதலாக ஒரு தெளிவான முகம் கிடைக்கிறது, செத்த பிறகாவது. இதைப் போலி என்று ஏளனம் செய்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் நல்ல ஆல்பம் இருக்கும்.

ஆனால் அந்த முகம் யாருடையது? மங்கலான படத்தில் இல்லாத விவரத்தைச் செயலி எங்கிருந்தும் மீட்டெடுப்பதில்லை. ஏற்கெனவே பழகிய கோடிக்கணக்கான முகங்களை வைத்து, இந்த இடத்தில் என்ன இருக்கக்கூடும் என்று ஊகித்து நிரப்புகிறது. அம்மைத் தழும்பு போய்விடும். வெற்றிலைக் காவி ஏறிய பல் வெளுத்துவிடும். வெயிலில் வெந்த கறுப்பு இரண்டு படி குறைந்து மாநிறமாகும். அறுபது வருடம் மானாவாரிக் காட்டில் உழைத்தவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் சாயலில் சிரிப்பார். தூரத்துச் சொந்தம் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகும். கூடவே வாழ்ந்த கிழவிதான் உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்பாள்.

அச்சு மாதிரியான உருவம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம். தருமபுரியிலும் அதை ஒட்டிய செங்கம் பகுதியிலும் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களைப் பார்த்தால், வீரர்கள் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் நிற்கிறார்கள்: கையில் வில்லோ வாளோ, இடுப்பில் வரிந்து கட்டிய ஆடை, உடம்பில் தைத்த அம்பு. சிற்பி யாருடைய மூக்கையும் பார்த்துச் செதுக்கியதாகத் தெரியவில்லை. ஆளை அடையாளம் காட்டும் பொறுப்பை அவர் எழுத்திடம் விட்டுவிட்டார். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாரிடம் சேவகன், எந்த ஊர்த் தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கப்போய் விழுந்தான் என்று வட்டெழுத்தில் வெட்டி வைத்தார்கள். செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லில், எசமானனோடு நின்று திருடர்களைக் கடித்த நாய்க்கும் கோவிவன் என்று பெயர் பொறித்திருக்கிறது. உருவம் பொது, விவரம் தனி என்பது அந்த ஏற்பாடு. உருவத்தைப் பார்த்து யாரும் ஏமாந்ததில்லை. ஏஐ பேனரில் இது தலைகீழ். உருவம் அச்சு அசல் ஆளைப் போலவே பாவனை செய்கிறது. தவறு வருவது பெயரில்.

பெயர்தான் இங்கே பெரிய சங்கதி. படம் உருவாக்கும் செயலிகள் எழுத்தையும் படமாகவே வரைகின்றன. பழகியதில் பெரும்பங்கு ஆங்கிலம் என்பதால், தொடக்கத்தில் வந்தவை தமிழை வரைந்த அழகு தெரிந்ததே. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எந்த மொழியிலும் இல்லாத ஓர் எழுத்து. இப்போது வருபவை பெரும்பாலும் சரியாக எழுதுகின்றன. பிழை அருகிப்போனதால் அதைத் தேடும் பழக்கமும் குறைந்து, ஒன்றிரண்டு தப்பி அச்சுக்கே போய்விடுகின்றன. 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம், தமிழ்நாட்டிலேயே மிகக் குறைவு. கடைக்கு வருபவர்களில் கணிசமானோருக்கு, எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்லக் கடைக்காரரை விட்டால் ஆள் இல்லை.

அவர் பார்ப்பதும் எழுத்துப் பிழையை மட்டுமல்ல. கண்ணீர் அஞ்சலி பேனரில் கீழே வரும் பெயர் வரிசை ஒரு சிறு ராஜதந்திரம். மகன்களை வயதுப்படி போட வேண்டும். மருமகன் பெயர் எங்கே, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியைச் சேர்ப்பதா, இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் எந்த வரியில், கட்சிக்காரர் படம் எந்த மூலையில்? காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் ஒரு பாயிண்ட் சின்னதாகப் போனாலே சீர்வரிசை வாசலோடு திரும்பிய கதைகள் உண்டு. வட்டாரத்தில் பத்து வருடம் கடை நடத்தியவருக்கு இதெல்லாம் அத்துப்படி; "பெரிய மாமா பேரு விட்டுப்போச்சே" என்று அவரே எடுத்துக் கொடுப்பார். செயலி கொடுத்ததை மட்டும் போடும். விட்டதைக் கேட்காது.

கூத்து நோட்டீஸைப் பார்த்தால் இழப்பு வேறு மாதிரி தெரியும். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது அர்ச்சுனன் தபசுக்கும் படுகளத்துக்கும் நோட்டீஸ் அடிப்பார்கள். கூத்தில் வேடம் என்பது கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்துச் செய்த கிரீடமும் புஜகட்டையும் மார்பதக்கமும். அதன் மேல் விடிய விடிய ஆடினாலும் கலையாத அரிதாரம். மரம் கனமில்லாதது என்பதால்தான் அந்த அகலத் தோளோடு கிறுகிறுவென்று சுற்ற முடிகிறது. ஏஐயிடம் துரியோதனன் கேட்டால் வருபவன் இந்தித் தொடரிலிருந்து இறங்கியவன்: உலோகக் கவசம், ஜிம் உடம்பு, பின்னால் தீப்பிழம்பு. படம் பளபளக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அன்றிரவு அந்த ஊரில் ஆடப்போகிறவர் அதில் எங்கும் இல்லை. கூத்துக்காரரைக் கூத்து நோட்டீஸிலிருந்தே நீக்கியதற்கு, ஒரு செல்போன் படம் எடுக்கச் சோம்பியதைத் தவிர வேறு காரணம் எதுவும் தெரியவில்லை. அவர்கள் ஒப்பனை அறையில் எடுத்த படத்தைச் செயலியில் கொடுத்து வெளிச்சம் கூட்டினாலே போதும். ஐந்து நிமிட வேலை.

டிசைனர்களின் இன்றைய புலம்பலைக் கேட்டால், ஒரு காலத்தில் தூரிகைக்காரர்கள் புலம்பியது நினைவுக்கு வரும். 2000-க்குப் பிறகு பிளெக்ஸ் வந்து, துணியிலும் தகரத்திலும் எழுதியவர்களைச் சில ஆண்டுகளிலேயே ஓரங்கட்டியது. சுவர் விளம்பரத்துக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்க, தேர்தல் ஆணையத்தின் கெடுபிடியும் சேர்ந்துகொண்டது. அன்று எழுதியவர்களில் சிலர் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டு அதே தொழிலில் நின்றார்கள். மற்றவர்கள் பெயின்ட் அடிக்கப் போனார்கள், பெங்களூருக்கோ திருப்பூருக்கோ. ஆகவே பிளெக்ஸ் டிசைனருக்கு நேர்வது முதல் அநியாயம் அல்ல. வேறுபாடு ஒன்று உண்டு. பிளெக்ஸ் எந்திரம் அச்சடிப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. எதை அச்சடிப்பது என்று யோசிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். பிளஸ் டூ முடித்துவிட்டு, தலை வெட்டவும் பின்னணி அழிக்கவும் பழகிக்கொண்டே தொழிலுக்குள் வந்த பையனுக்கு அந்தக் கடைதான் பட்டறை. இப்போது போவது அந்த எடுபிடி வேலை. அதைச் செய்யாமல் அடுத்த படிக்கு ஏறிய டிசைனர் அரிது.

சினிமாவில் நிலைமை கொஞ்சம் மேல், அங்கே கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. 2024-இல் 'லால் சலாம்' பாடலுக்காக மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களை ஏஐ மூலம் கொண்டுவந்த ஏ.ஆர். ரகுமான், குடும்பத்தாரின் அனுமதி பெற்றதாகவும் சன்மானம் கொடுத்ததாகவும் சொன்னார். ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி. குரலைக் கேட்காமல் பயன்படுத்தியதாக அவர் மகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். விஜயகாந்த் உருவத்தை முன் அனுமதியின்றி எடுத்தாளக் கூடாது என்று பிரேமலதா அறிக்கை விட்டார். 2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி' முடிவை ஏஐ கொண்டு மாற்றி மறுவெளியீடு செய்தபோது தனுஷ் வெளிப்படையாகக் கண்டித்தார். ஏஐ பழகுவதற்கு எடுத்துக்கொள்ளும் படைப்புகளுக்கு ராயல்டி வசூலிக்கும் யோசனையும் 2025 டிசம்பரில் ஒன்றிய அரசுத் துறைக் குழுவிடமிருந்து வந்திருக்கிறது. அது சட்டமானாலும் பணம் சேரக்கூடியது சங்கமும் பதிவும் உள்ளவர்களுக்கு. புஜகட்டை செதுக்குபவருக்கும் காரிமங்கலத்து டிசைனருக்கும் எந்தப் பட்டியலில் இடம் கிடைக்கும்?

இதற்கு ஏஐயை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிளெக்ஸ் கடை பில்லை எடுத்துப் பாருங்கள்: பத்துக்கு எட்டு, எண்பது சதுர அடி, அடிக்கு இவ்வளவு, ஃபிரேம் தனி, கட்டுக்கூலி தனி. டிசைனுக்கு என்று வரியே இருக்காது. யோசித்தது, திருத்தியது, மாமன் பெயரை ஞாபகப்படுத்தியது எல்லாம் பிளெக்ஸ் துணியோடு சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் போய்விடும். வாடிக்கையாளர் கொடுத்தது துணிக்கும் மைக்கும்தான் என்று அவரும் நம்பினார், கடைக்காரரும் அப்படியே நம்பவைத்தார். இன்று போனில் தயாராக ஒரு படத்தோடு வந்து "பிரிண்ட் மட்டும் போடுங்க" என்கிறவரிடம், எதைக் குறைத்தோம் என்று காட்டக் கடைக்காரரிடம் ஒரு தொகை இல்லை.

முகத்தைச் செயலி தீட்டட்டும். அச்சுக்குப் போகுமுன் மூலப் படத்தையும் பக்கத்தில் வைத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டலாம். பெயர் வரிசை சரிபார்க்கவும் டிசைனுக்கும் இவ்வளவு என்று பில்லில் தனி வரி போடலாம். முதல் ஆறு மாதம் பேரம் பலமாக இருக்கும். பக்கத்துக் கடைக்காரர் அந்த வரி இல்லாமலே செய்து தருவார். தனி வரிக்குக் காசு தர மறுப்பவரிடம், பெயர் விட்டுப்போனால் கடை பொறுப்பல்ல என்று பில்லின் பின்பக்கம் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.