'தாங்கு', 'பொறு': பொருண்மை வேறுபாடும் மொழிபெயர்ப்பும்

'தாங்கு', 'பொறு' என்னும் வினைகள் ஒருபொருட் சொற்களாகக் கருதப்படுவதுண்டு. மொழிபெயர்ப்பிலும் இவை ஒன்றற்கு மற்றொன்றாக ஆளப்படுகின்றன. இவ்வாட்சி எல்லாவிடத்தும் பொருந்துவதன்று.

முதல் வேறுபாடு எழுவாயைப் பற்றியது. 'தூண் கூரையைத் தாங்குகிறது' என்பது இயல்பான தொடர். அவ்விடத்தில் 'பொறுக்கிறது' என்பது இக்கால வழக்கில் வாராது. தாங்குதல் உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் பொதுவானது. பொறுத்தல் மனமுடைய எழுவாயை வேண்டி நிற்பது. அவ்வாறே 'பிழையைப் பொறுத்தருள்க' என்பதைத் 'தாங்கியருள்க' என மாற்றுதல் இயலாது. தாங்குவதற்கு வலிமை வேண்டும். பொறுப்பதற்கு மன இசைவு வேண்டும்.

பொறையுடைமை அதிகாரத்தின் முதற்குறள் (151) இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. அதில் நிலத்துக்குத் தாங்குதலும் மாந்தர்க்குப் பொறுத்தலும் உரிய வினைகளாகின்றன. பரிமேலழகரும் நிலம் தன்னை அகழ்வாரை வீழாமல் தாங்குவதாகவே உரை காண்கிறார். ஜி.யு. போப் தம் மொழிபெயர்ப்பில் (1886) ஒரே ஆங்கில வினையை வெவ்வேறு இடைச்சொற்களோடு ஈரிடத்தும் ஆள்கிறார். இதனால் உவமையின் ஒப்புமை விளக்கம் பெறுகிறது. ஆயினும், நிலத்துக்கு இயற்கையாய் அமைந்ததை மனிதன் மனத்தால் முயன்று பெறவேண்டும் என்னும் நுட்பம் மங்கிவிடுகிறது.

எதிர்மறையில் இவ்வேறுபாடு மேலும் கூர்மை பெறுகிறது. 'வெள்ளத்தைத் தாங்காமல் கரை உடைந்தது' என்பதில் வலிமையின் முடிவு புலப்படுகிறது. 'அநீதி கண்டு பொறாமல் எழுந்தான்' என்பதில் இசைவின் மறுப்பு, அஃதாவது எதிர்ப்பின் தொடக்கம், புலப்படுகிறது. பிறர் ஆக்கம் கண்டு மனம் இசையாமை 'பொறாமை' எனப்படுவதும் இதற்குச் சான்றாகும்.

உடல்நோவைக் கூறுமிடத்து மட்டும் இவ்வரையறை நெகிழ்கிறது. 'வலி தாங்க முடியவில்லை', 'வலி பொறுக்க முடியவில்லை' ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. பிறர் இழைக்கும் தீங்கைப் பற்றிய தொடர்களில் இந்நெகிழ்ச்சிக்கு இடமில்லை. 'கொடுமையைத் தாங்க முடியவில்லை' என்பது துன்புற்றவனின் தளர்ச்சியைச் சுட்டும். 'கொடுமையைப் பொறுக்க முடியவில்லை' என்பது அதனை ஏற்க மறுப்பவனின் சினத்தைச் சுட்டும்.

எனவே, பிறமொழி வினையொன்றைத் தமிழாக்குவோர் அகராதிப் பொருளோடு நிறைவுறாமல், அங்கே முடிந்துபோனது வலிமையா, இசைவா என்பதைத் தெளிதல் வேண்டும். அத்தெளிவு இல்லையேல், மூலத்தில் எதிர்த்து நின்றவன் மொழிபெயர்ப்பில் தளர்ந்து வீழ்ந்தவனாகிவிடுவான்.