இயற்றுதல் கருத்தா

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறியவர்கள் சொல்லும் முதல் அனுபவங்களுக்கு இதற்குள் ஓர் இலக்கணமே உருவாகிவிட்டது. கேமரா எப்படி, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, பெட்டிக்குள் ஏன் சார்ஜர் இல்லை, கடைசியில் கொடுத்த காசுக்குத் தகுமா. யூடியூபில் தமிழில் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். பெட்டியைப் பிரிப்பதை ஒரு சடங்காகவே நடத்துகிறார்கள். மேல்மூடி மெல்ல வழுக்கி விடுபடும் ஓசைக்குக்கூட மைக்கை அருகில் கொண்டுபோகிறார்கள். போன் வெளியே வந்ததும் பெட்டி ஓரமாகப் போய்விடும். எனக்கு அந்தப் பெட்டியில்தான் பேச்சு இருக்கிறது.

பத்து வருடத்துக்கு மேல் ஆண்ட்ராய்டில் எழுதிப் பழகியவள் நான். வகுப்புக் குறிப்புகள், கவிதைகளின் முதல் வரைவு, பால் கணக்கு எல்லாம் அதில்தான். இந்த ஆண்டு ஐபோனுக்கு மாறினேன். அந்த முதல் வாரம் புகுந்த வீட்டின் முதல் வாரம்போல இருந்தது என்றால் பெண்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். உப்பு டப்பா எங்கே என்று தெரியாது, கை பழைய அலமாரிக்கே போகும். திரும்பிப் போவதற்கென்று கீழே இருந்த பொத்தான் இங்கே கிடையாது. திரையின் இடது ஓரத்திலிருந்து விரலால் இழுக்க வேண்டும். பழைய போனிலிருந்து தொடர்புகளையும் படங்களையும் பெயர்த்துக் கொண்டுவர ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்று ஒரு செயலி இருக்கிறது. சீர்வரிசை ஏற்றிவரும் வண்டிதான் அது.

மாறாமல் கூடவே வந்தது தமிழ் 99 விசைப்பலகை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ஐபோனில் 2013 முதலே அது உள்ளிணைந்து வருகிறது. அமைப்புப் பக்கங்கள் தமிழில் கிடைக்க மட்டும் 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரையில் தமிழைக் காட்டும் எழுத்துரு ஒன்றின் பெயர் ‘தமிழ் சங்கம் எம்என்’. அந்த ‘எம்என்’ அதை வடிவமைத்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் பெயரெழுத்துகள். முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் தந்தவர் அவர். செய்தவரின் பெயர் செய்த பொருளிலேயே நிற்பது நியாயம். ஆனால் பெயர் நிற்கும் இடத்தைப் பார்த்தவுடன் பெயர் நிற்காத இடத்தையும் கண் தேடுகிறது.

பெட்டியின் மேல் சின்ன எழுத்தில் இரண்டு தொடர்கள். ‘டிசைன்டு பை ஆப்பிள் இன் கலிபோர்னியா’ என்பது ஒன்று. ‘அசெம்பிள்டு இன் இந்தியா’ என்பது மற்றொன்று. தமிழாக்கினால், ‘கலிபோர்னியாவில் ஆப்பிளால் வடிவமைக்கப்பட்டது, இந்தியாவில் பொருத்தப்பட்டது.’ இரண்டும் செயப்பாட்டு வினை. முதல் தொடரில் மூன்றாம் வேற்றுமை இருக்கிறது, ஏழாம் வேற்றுமையும் இருக்கிறது. யாரால் என்பதற்கும் எங்கே என்பதற்கும் விடை உண்டு. இரண்டாம் தொடரில் ஏழாம் வேற்றுமை மட்டும். இடம் இருக்கிறது, ஆள் இல்லை. கலிபோர்னியாவில் யாரோ இருக்கிறார்கள். இந்தியாவிலோ, நிலம் தானாகவே போனைப் பொருத்திக்கொண்டதுபோல் இருக்கிறது.

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள் சொல்வது நன்னூல் மரபு. கருத்தாவிலும் இரண்டு வகை: ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா. ‘கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது’ என்றால் கரிகாலன் மண் சுமக்கவில்லை, ஏவினான். தச்சனால் நாற்காலி செய்யப்பட்டது என்றால் தச்சனே செய்தான். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவிகள் தூக்கத்தில்கூட இதை ஒப்பிப்பார்கள். ஆப்பிள் ஏவுதல் கருத்தா. இயற்றுதல் கருத்தா யார் என்ற கேள்விக்குப் பெட்டியில் விடை இல்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பெட்டியோடும் தலையணையோடும் நிற்கும் பெண்களிடம் இருக்கிறது.

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். இன்று ஓசூருக்கு அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உடற்கூடு தயாராகிறது. இன்னொரு திசையில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019 முதல் ஐபோன் பொருத்தப்படுகிறது. இரண்டு இடத்திலும் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். பட்டம் முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள், பிளஸ் டூவோடு நின்றவர்கள், ஜார்கண்டிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். என் வகுப்பில் புறநானூறு படித்தவர்களும் இருக்கிறார்கள். உள்ளே சொந்த போனைக் கொண்டுபோக முடியாது என்கிறார்கள். வாயிலில் வைத்துவிட்டுப் போகும் அந்த போன்கள் எல்லாம் மலிவு விலை ஆண்ட்ராய்டுகள்.

போன் மாறுவதை ஒருவர் ரசனை மாற்றமாக மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை என்பதற்கு ஸ்ரீபெரும்புதூருக்குள்ளேயே பழைய சாட்சி இருக்கிறது. 2006இல் அங்கே நோக்கியா ஆலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். கம்பெனிப் பேருந்து, சீருடை, அடையாள அட்டை. வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கிய பெண் என்ற பெயர். 2010இல் இளம் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கி அங்கே இறந்துபோனார். பிறகு உலகம் பொத்தான் போனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் மாறியது. 2014இல் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அதில் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. நாம் நோக்கியாவை மேசை இழுப்பறையில் போட்ட அதே காலத்தில் அந்தப் பெண்கள் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கும் அது மாற்றம்தான். அதற்கு யாரும் முதல் அனுபவக் குறிப்பு எழுதவில்லை.

எதற்காகப் பெண்கள்? விரல் நுட்பம் என்பார்கள். இந்தப் பதில் பழையது. டயன் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இலேயே ஒரு கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். பெண்ணின் விரல் பிறவியிலேயே நுட்பமானது அல்ல. தையலும் வீட்டுவேலையும் சிறுவயதிலிருந்து கொடுத்த பயிற்சி அது. வீட்டுக்குள் நடந்த பயிற்சி என்பதால் திறமைக் கணக்கில் வருவதில்லை, இயல்பு என்று சொல்லி மலிவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பது அவர்கள் வாதம். அவர்கள் பார்த்தது வேறு நாடுகளின் ஆலைகளை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புளி சீசனில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் உட்கார்ந்து ஓடு நீக்கி, நார் உருவி, கொட்டை எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் உடனே புரியும். எட்டு வயதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டிய விரல், இருபது வயதில் திருகாணி முடுக்குகிறது. முதலாளி அதைக் கருவி என்று கணக்கெழுதுகிறார். கருவிக்கும் கருத்தாவுக்கும் ஒரே உருபு வருவதில் இந்த வசதி இருக்கிறது. ‘விரலால் செய்யப்பட்டது’ என்று சொல்லிவிடலாம், விரலுக்குரியவளைச் சொல்லாமல்.

2021 டிசம்பரில் அந்த உருபு ஒருநாள் சாலைக்கு வந்தது. ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150க்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் தங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒழுங்காகச் சொல்ல ஆளில்லாத இடத்தில், சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை நின்றது, ஜனவரியில்தான் திறந்தது. தரையில் படுத்து உறங்கும் நெரிசலான அறைகள், தண்ணீர் வராத கழிப்பறைகள் என்று அதன்பிறகே வெளியுலகம் எழுதியது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளும் ஒப்புக்கொண்டது. அப்போது ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் ஏறத்தாழ 10,500 ரூபாய் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அந்த ஆண்டு வெளியான ஐபோன் 13இன் தொடக்க விலை 79,900 ரூபாய். சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், வீட்டுக்கு அனுப்பாமல் ஏழரை மாதம்.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது 2024 ஜூனில் வந்த செய்தி. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்கள் திட்டமிட்டே தவிர்க்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் விசாரித்து எழுதியது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி விடுப்பு என்று ஆள் எடுக்கும் முகவர்கள் காரணம் சொன்னார்கள். தாலி, மெட்டி போன்ற உலோக அணிகள் உற்பத்திக்கு இடைஞ்சல் என்பதும் ஒரு காரணம். உற்பத்தி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் மட்டும் இந்த விதி தளருமாம். ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அண்மையில் சேர்த்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமானவர்களே என்று ஃபாக்ஸ்கான் அரசுக்குப் பதில் சொன்னது. இருக்கலாம். ஆனால் வாயிற்காவலர் முதல் கேள்வியாகக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய பெண்களின் சொல்லும் அந்தச் செய்தியில் இருக்கிறது.

தாலியைப் பற்றிச் சுயமரியாதை இயக்கக் காலத்திலிருந்து பேசிவருகிறோம். கழற்றலாமா, கட்டாமலே இருக்கலாமா, என் உடம்பில் உன் அடையாளம் எதற்கு. கம்பெனிக்கும் தாலி வேண்டாம்தான். ஆனால் அது விலக்குவது தாலியை அல்ல, தாலி கட்டிக்கொண்டவளை. ஊரில் எந்த வாசலையும் திறக்கும் சாவி என்று சொல்லி அவள் கழுத்தில் போட்டது, வேலை வாசலில் பூட்டாகிறது. இதைப் பெண் விடுதலையின் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தோழியர் சிலருக்கு ஆசை. குறைந்தது கல்யாணமாவது தள்ளிப்போகிறதே என்கிறார்கள். அந்தப் பாதி உண்மையை நான் மறுக்க மாட்டேன். பிள்ளைத் திருமணம் இன்னும் ஓயாத மாவட்டத்தில் இருந்துகொண்டு, மாதச் சம்பளம் ஒரு பெண்ணுக்கு வாங்கித் தரும் இரண்டு வருடத்தை ஏளனம் செய்ய முடியாது. பதினெட்டு முடிந்த மறுமாதமே நிச்சயம் வைத்த வீட்டில், ஓசூர் வேலையைக் காட்டிக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

மறுபாதியை என் மாணவி ஒருத்தி துறை வராந்தாவில் நின்றபடி சொன்னாள். “கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போன்னு வீட்ல சொல்றாங்கம்மா. பண்ணிக்கிட்டா எடுக்கமாட்டோம்னு ஏஜென்ட் சொல்றாரு.” வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக விடுதியில் விட அப்பாவுக்குப் பயம், கழுத்தில் ஒன்று ஏறிவிட்டால் பயம் போய்விடும். முகவருக்கோ அது ஏறிவிட்டால்தான் பயம். அவள் பேச்சில் கோபம்கூட இல்லை, கணக்குச் சரிவராத ஒருத்தியின் சலிப்புத்தான் இருந்தது. இரண்டு ஆண்கள் அவள் உடம்பைப் பற்றி எதிரெதிராகக் கணக்குப் போடுகிறார்கள். கருப்பையை அப்பா ஒரு பக்கம் எழுதுகிறார், முகவர் மறுபக்கம் எழுதுகிறார். அவள் திருகாணி முடுக்குவாளா, எவ்வளவு வேகமாக, எத்தனை நாள் என்பது இரண்டு ஏட்டிலும் இல்லை.

அரசு இதைக் கட்டடத்தால் எதிர்கொண்டது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய விடுதியை முதல்வர் திறந்துவைத்தார். 18,720 பெண்கள், அறைக்கு ஆறு பேர். தரையில் படுத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம், சந்தேகமில்லை. அதன் அமைப்பையும் கொஞ்சம் படிக்க வேண்டும். ஆறு தனித்த பெண்களுக்கான அறை அது; ஒரு பெண்ணும் அவள் குழந்தையும் இருக்கும் அறை அல்ல. திருமணமானவளுக்கு வாயிலில் தடை எழுதிவைக்கத் தேவையில்லாதபடி கட்டில்களே அதைச் சொல்லிவிடுகின்றன. இயற்றுதல் கருத்தாவுக்கு வயது 18 முதல் 20களின் நடுவரை. பிறகு அவள் யாரோ ஒருவனுக்கு மனைவி, பெட்டியில் மட்டுமல்லாமல் ஆலையிலும் இல்லாதவள்.

2024 நவம்பரில் ஒரு மாற்றம் நடந்தது. ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை எதையும் குறிப்பிட வேண்டாம் என்று ஃபாக்ஸ்கான் தன் முகவர்களுக்குச் சொன்னதாக ராய்ட்டர்ஸ் மறுபடி எழுதியது. கூடவே இன்னொரு அறிவுறுத்தல்: கம்பெனியின் பெயரையும் போட வேண்டாம். புதிய விளம்பரங்களில் குளிரூட்டிய பணியிடம், இலவசப் போக்குவரத்து, உணவகம், இலவச விடுதி எல்லாம் இருந்தன. போனின் பெட்டியில் இயற்றியவள் இல்லை. வேலை விளம்பரத்தில் ஏவியவரும் இல்லை.

பேருந்து நிலையச் சுவரில் அந்த மாதிரிச் சுவரொட்டி ஒன்றைப் படித்துக்கொண்டு நின்ற பெண், தொடர்பு எண்ணைத் தன் போனில் ஏற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்: “இது எந்தக் கம்பெனிங்கம்மா?”