சாமைக்கு ஒரு நாள் முன்பே சொல்லுங்கள்

கொல்லிமலையை வெள்ளைக்காரர்கள் மலைவாசத்தலமாக்கவில்லை. ஊட்டியைப் போலப் பழைய கிளப்போ, ஏற்காட்டைப் போலத் தோட்டத்துரைகளின் கணப்பு வைத்த வீடுகளோ இங்கே இல்லை. செங்குத்துச் சரிவும் மலைக்காய்ச்சல் பயமும் அவர்களில் பெரும்பாலோரைக் கீழேயே நிறுத்திவைத்தன. அதனால் மலைவாசத்தலம் என்றதும் நம் மனத்தில் எழுகிற சொகுசின் அச்சு இந்த மலைக்குப் பொருந்துவதில்லை. எனக்கு இந்த மலை பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான். இங்கே எதைச் சொகுசு என்பது என்று நாமே யோசித்துக் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. என் பதில் இது: உங்களுக்காக அன்று காலையில் ஒருவர் கைப்படச் செய்த வேலைதான் கொல்லிமலையின் சொகுசு. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவருக்கு இந்த மலை தாராளமாகக் கொடுக்கும். தெரியாதவருக்குப் பரோட்டாவும் சால்னாவும் கிடைக்கும்.

ரசிப்பதற்கான வேலை அடிவாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் கடந்து காரவள்ளிக்கு வந்தால், அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் எண் எழுதிய பலகை. பலர் இந்தப் பாதையை வயிற்றைப் புரட்டும் சோதனையாகவே நினைத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிவிடுகிறார்கள். அவர்கள் இழப்பது பெரிது. நேராக ஏற இடமில்லாத சரிவில் உயரத்தைச் சிறுகச் சிறுகச் சம்பாதிக்கும் கணக்குதான் கொண்டை ஊசி வளைவு. அந்தக் கணக்கால் ஒரே சமவெளியை வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறோம், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து. கீழே மரவள்ளிக் காடும் தென்னந்தோப்பும் முதலில் செடியாகவும் மரமாகவும் தெரியும், பிறகு கட்டம் கட்டமாக, கடைசியில் வெறும் நிறமாக. சாலையோரமும் கூடவே மாறிக்கொண்டு வரும். அடியில் முட்புதர், அதற்குமேல் அடர்ந்த காடு, உச்சியை நெருங்கும்போது சில்வர் ஓக் மரங்களும் அவற்றைப் பற்றி ஏறிய மிளகுக் கொடிகளும். காது அடைத்துக் காற்றில் ஈரம் ஏறினால் சோளக்காடு வந்துவிட்டது என்று பொருள். இந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்கு எதையும் பார்க்க வாய்க்காது. ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடும் மலைப்பாதை மரியாதை தெரிந்த உள்ளூர் ஓட்டுநரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, சன்னலோரம் உட்காருங்கள்.

மேலே ஏறினால் சிகரம் என்று சுட்டிக் காட்ட எதுவும் இல்லை. கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமாக விரிந்த நிலம்தான் கொல்லிமலை. பள்ளத்தில் படிப்படியாக நெல்வயல், மேட்டில் காப்பி, சரிவில் மானாவாரித் தானியம். இங்கே வாழும் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்பு இல்லாதவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாக அவர்களிடையே வாய்மொழிக் கதை உண்டு. ஊர்களைச் சேர்த்து நாடு என்கிறார்கள்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு. காட்சிமுனைகளைப் பட்டியல் போட்டு ஒரே நாளில் ஓடி முடிப்பதைவிட, ஒரு நாட்டைத் தேர்ந்து அதற்குள்ளேயே நடப்பவருக்கு இந்த மலை அதிகம் பேசும்.

நடக்கும்போது கூரைகளைக் கவனியுங்கள். மலையாளிகளின் பழைய வீடு, மண்சுவரும் தாழ இறங்கிய புல் கூரையும் சாணம் மெழுகிய தரையும் கொண்டது. கூரை தாழ்ந்திருப்பதால் சாரல் சுவரைத் தொடாது. மண்சுவர் பகல் வெயிலைச் சேமித்து இரவில் கொடுக்கும். தானியம் வைக்கும் தொம்பை இன்னும் அழகு. மூங்கிலில் முடைந்து மண்ணும் சாணமும் பூசிய கலம் அது. பூச்சி அண்டாமல் விதையை அடுத்த மழைவரை காப்பதற்கென்றே பிறந்த வடிவம். அலங்காரத்துக்கென்று ஒரு கோடுகூட அதில் இல்லை. அதனால்தான் கண் அதைவிட்டு அகல மறுக்கிறது. இன்று ஓடும் கான்கிரீட்டும் வந்துவிட்டன. ஒழுகாத கூரை வேண்டும் என்று ஒருவர் விரும்புவதை, இரண்டு நாள் தங்கப்போகும் நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் விருந்தினருக்காகவே கட்டப்படும் விடுதிகளுக்கு அந்த நியாயம் இல்லை. கண்ணாடிச் சன்னலும் வழவழத் தரையும் வைத்த காட்டேஜ் கோயம்புத்தூர் பைபாஸிலும் இருக்கலாம். தேக்கடியில் சிஜிஎச் எர்த் நிறுவனம் நடத்தும் ஸ்பைஸ் வில்லேஜைப் பாருங்கள். அந்தப் பகுதிப் பழங்குடியினரின் குடில் அமைப்பைப் பின்பற்றி, யானைப்புல் வேய்ந்த கூரையின் கீழேதான் அங்கே விருந்தினரைத் தங்கவைக்கிறார்கள். அந்தக் கூரைக்காகவே உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கொல்லிமலைக் கூரைக்கு அப்படி ஒரு கட்டடக் கலைஞர் இன்னும் வாய்க்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இனி சாப்பாடு. இந்த மலையின் தலைசிறந்த கலை சமையலறையில்தான் இருக்கிறது, அதன் நாயகி சாமை. சாமை என்று நாம் ஒரே பெயரில் சொல்வதை இங்கே சடஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை என்று பிரித்துச் சொல்கிறார்கள். நகரத்துக் கடையில் பாக்கெட்டில் வரும் சாமை பெரும்பாலும் தவிடு நீக்கித் தீட்டிய வெள்ளைச் சாமை. தவிட்டோடு இருக்கும் சாமை பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம். அந்தத் தவிட்டில் எண்ணெய்ச் சத்து உண்டு, மணமும் அதில்தான் இருக்கிறது. அதே எண்ணெய்தான் உமி நீக்கிய சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கவும் காரணம். அதனால் பழைய வீடுகளில் சாமையை உமியோடு தொம்பையில் வைத்திருந்து, வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் குத்துவார்கள். காப்பிக்கொட்டையை அன்றன்றைக்கு வறுத்து அரைப்பதில் பெருமைகொள்ளும் நம்மூர் காப்பிப் பிரியர்களுக்கு இந்த நுட்பம் சட்டென்று புரியும்.

குத்துவது எளிதல்ல. சாமை மணி மிகச் சிறியது, உமி அதை இறுக்கிப் பிடித்திருக்கும். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, விலகாத மணிகளை மறுபடி உரலில் போட்டுக் குத்த வேண்டும். பிறகு கல் அரிப்பது. களத்திலிருந்து வரும் பொடிக்கல்லும் சாமையும் ஒரே அளவு. கண்ணால் பொறுக்க முடியாது, கைதான் பிரிக்க வேண்டும். பாத்திரத்தில் நீர்விட்டுச் சுழற்றி, ஒரு சாய்ப்பில் சாமையை மட்டும் அடுத்த பாத்திரத்துக்கு வழியவிட்டு, கல்லை அடியில் தங்கவைக்கும் அந்த மணிக்கட்டு அசைவை நான் எந்தப் பரத அரங்குக்கும் குறையாததாக நினைக்கிறேன். கடைசிச் சுழற்றலில் பாத்திரத்தின் அடியில் ஒரு சிட்டிகை மணல் மட்டும் மிஞ்சும். ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு கொதிநீர், சிறுதீ, மூடிய பாத்திரம். கால் மணி நேரத்தில் சோறு தயார். கவனம் தப்பினால் குழைந்து களியாகும். சரியாக வெந்தால் உதிரி உதிரியாய், அரிசியைவிட மெல்லிய கடியும் லேசான கொட்டை வாசனையும் சேர்ந்து வரும். அதன்மேல் மொச்சைக் குழம்பு போதும். நெய்கூட வேண்டாம்.

சாமைக்கு அடுத்தது முடவாட்டுக்கால் கிழங்கு. பெயர் கிழங்கு; உண்மையில் பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் பெரணி ஒன்றின் தண்டு. மேலே பழுப்பு மயிர் அடர்ந்து, பார்ப்பதற்கு ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சீவி நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு கொதிக்கவைத்த சூப்பை அறப்பளீசுவரர் கோயில் பக்கத்துக் கடைகளில் சூடாகத் தருகிறார்கள். சைவ ஆட்டுக்கால் சூப் என்று விளம்பரம். மூட்டு வலிக்கு நல்லது என்பது உள்ளூர் நம்பிக்கை. அது எப்படியோ, அங்கிருந்து ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைத் திரும்ப ஏறிவந்த ஒருவருக்கு அந்த மிளகுக் காரத்தைவிடப் பொருத்தமான உபசாரம் எந்த நட்சத்திர ஓட்டலிலும் கிடைக்காது. ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெதுவாக வளரும் இந்தப் பெரணியைச் சுற்றுலாக் கூட்டத்தின் பசிக்கெல்லாம் பறித்துத் தள்ளினால் பாறைகள் மொட்டையாகிவிடும்.

விருந்தோம்பல் இந்த மலைக்குப் புதிதல்ல. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் மலை இது. வன்பரணர் புறநானூற்றில் (152) காட்டும் ஓரி, ஒரே அம்பில் யானை முதல் உடும்புவரை துளைத்த வில்லாளி. ஆனால் என்னைக் கவர்வது அதற்குப் பின் நடப்பதுதான். வேட்டைக்காட்டில் வழிப்போக்கர்களாக வந்த பாணர்கள் அவன் யாரென்று அறியாமலேயே பாட, பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் நாணுகிறான். வேட்டையில் வீழ்ந்த மானின் இறைச்சியை வேகவைத்து, உருக்கிய நெய் போன்ற மதுவோடு கொடுத்து, தன் மலையின் பொன்னையும் மணியையும் அந்தக் காட்டுவழியிலேயே அள்ளித் தருகிறான். அடுத்த பாட்டில், வயிறு நிறைந்த பாணர்கள் ஆடவும் பாடவும் மறந்துபோகிறார்கள். அந்த நிலத்தின் உணவு, அந்த இடத்திலேயே, பெயர் சொல்லிக்கொள்ளாத ஒருவர் கையால். இன்று காட்டுக்குள் மேசை போட்டு விளக்கேற்றிப் பெருந்தொகை வாங்கும் விருந்துகள் எட்ட முயல்வது இதைத்தான். ஆடி 17, 18 தேதிகளில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி உண்டு. ஓரியின் வில்லுக்கு விழா எடுத்தோம். அவன் அடுப்புக்கும் ஒன்று எடுக்கலாம்.

சிற்பப் பிரியர்களுக்கும் இந்த மலையில் ஒரு சவால் இருக்கிறது. கொல்லிப்பாவை என்ற உருவத்தைச் சங்கப் புலவர்கள் தலைவியின் அழகுக்கு உவமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். காற்று மோதினாலும் இடி விழுந்தாலும் நிலமே அசைந்தாலும் தன் எழில் குன்றாதது அது என்கிறது நற்றிணை (201). இந்த மலையில் கோயில்கொண்ட எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவை என்று கும்பிடுகிறார்கள் இன்றைய பக்தர்கள். புலவர்கள் சொன்ன உருவத்தை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்க்க முடியாது. ஒரு கலைப்பொருள் வெறும் சொல்லாகவே இரண்டாயிரம் ஆண்டு அழகாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சாமைக்கு அப்படிச் சொல்லில் மட்டும் வாழும் வசதி கிடையாது, விதைத்தால்தான் உண்டு. இந்த மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் குறைந்துபோனதற்குக் காரணங்கள் வெளிப்படை. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகள் மரவள்ளிக்குக் கைமேல் காசு தருகின்றன. ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிறது. நாள் முழுக்க வயலில் வேலை செய்த பெண்ணே இரவில் உலக்கையும் பிடிக்க வேண்டும் என்றால், சாமையை அவள் கைவிட்டதில் வியப்பில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே நெடுங்காலம் வேலை செய்து, ஊர் விதை வங்கிகளையும் உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் கொண்டுவந்தது. மகளிர் குழுக்கள் சிறுதானியத்தை விற்பனைப் பொருளாக்கின. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரங்களில் சாமை பேச்சுப்பொருளானது. பேச்சு விதையாகாது. தட்டில் சாமை வேண்டும் என்று கேட்கும் ஆள் வேண்டும்.

அப்படிக் கேட்கும் ஆட்களால் என்ன ஆகும் என்பதற்குக் காரைக்குடி உதாரணம். 1999-இல் மீனாட்சி மெய்யப்பன் அங்கே தி பங்களாவை விருந்தினர் இல்லமாகத் திறந்தார். செட்டிநாட்டுச் சமையலை வாழையிலையில் முறையாகப் பரிமாறினார்கள். மாளிகைகளைப் பார்க்க வந்தவர்கள், பிறகு சாப்பிடவே வந்தார்கள். வீட்டுக்குள் இருந்த கைப்பக்குவம் ஊரின் பெருமையாயிற்று, சமையல்காரர்களின் பெயர் வெளியே தெரிந்தது. செட்டிநாட்டிடம் இருந்த பணமும் மாளிகையும் கொல்லிமலையிடம் இல்லை. ஆனால் உலக்கையும் தொம்பையும் மிளகும் மலைத்தேனும் பலாவும் அன்னாசியும் இருக்கின்றன. தேனில் பிசைந்த தினைமாவு ஒன்றைச் சாப்பாட்டின் கடைசியில் வைத்தாலே, எந்த மெனு கார்டும் தலை குனியும்.

ஆகவே என் சிபாரிசு எளியது. தங்கும் வீட்டில் ஒரு நாள் முன்பே சாமைச் சோறு வேண்டும் என்று சொல்லுங்கள். குத்துவதற்கும் அரிப்பதற்கும் அவர்களுக்கு நேரம் வேண்டும். எந்தச் சாமை என்று கேளுங்கள், பெயர் தெரிந்தவர் முகம் மலர்வார். விலையைப் பேரம் பேசாதீர்கள். சமவெளியில் இயந்திரம் தீட்டிய அரிசியில் செய்யும் பிரியாணிக்கு நாம் மறுபேச்சில்லாமல் எடுத்துவைக்கும் பணத்தைவிட, சரிவில் விளைந்து, இரண்டு முறை குத்தி, கல் அரித்து வந்த ஒரு தட்டுச் சாமைக்குக் கூடுதலாகக் கேட்பதே நியாயம். அந்த விலை கட்டுப்படியாகும் நாளில்தான் அடுத்த மழைக்கு மரவள்ளிக்குப் பதில் சாமை விதைக்கலாமா என்று ஒரு குடும்பம் யோசிக்கும்.