காவலரணும் செக்போஸ்டும்: படைத்தளப் பாதுகாப்பில் இலங்கையும் இந்தியாவும்

படைத்தளம் ஒன்றின் பாதுகாப்பு இரண்டு அளவுகளில் தங்கியிருக்கிறது. ஒன்று அச்சுறுத்தல் நிலை, மற்றது விழிப்பு நிலை. எதிராளி என்ன செய்ய எண்ணுகிறான், அதற்கான வல்லமை அவனிடம் உண்டா, எப்போது செய்யக்கூடும் என்று புலனாய்வாளர் கணிப்பது முதலாவது. அந்தக் கணிப்பை வைத்து, வாசலில் எத்தனை பேர் நிற்பது, வாகனத்தை எங்கே மறிப்பது, எந்த வழியை மூடுவது என்று தளபதி இடும் கட்டளை இரண்டாவது.

பிரித்தானியா 2006 முதல் அச்சுறுத்தல் நிலையை ஐந்து படிகளாகப் பகிரங்கமாக அறிவித்து வருகிறது. அமெரிக்கப் படைத்தளங்களில் சாதாரண நிலைக்கு மேல் அல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என நான்கு படிகள் உண்டு. மேலிடம் விதித்த படியைத் தளபதி உயர்த்தலாம். தன் விருப்பப்படி இறக்க முடியாது. இலங்கையிலும் இந்தியாவிலும் மக்களுக்கு அறிவிக்கப்படும் இத்தகைய படிவரிசை கிடையாது. வெளியில் இருப்பவர் நிலைமையை வாசலைப் பார்த்தே அறிந்துகொள்ள வேண்டும்.

அப்படி அறியும் பழக்கம் இலங்கைத் தமிழருக்குக் கைவந்த ஒன்று. “இத்தனூண்டு தீவுக்கு எதற்கு இவ்வளவு முகாமும் செக்போஸ்டும்?” என்று தமிழகத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்து போவோர் கேட்பதுண்டு. கேள்வியில் தவறில்லை. ஆனால் அந்த முகாம்கள் எதைக் கண்டு இப்படி ஆயின என்பது தெரியாமல் கேட்கப்படும் கேள்வி அது.

சொற்கள்

இந்தியத் தமிழ் நாளிதழ்களின் பாதுகாப்புச் சொற்கள் பெரும்பாலும் காலத்தைச் சார்ந்தவை. சுதந்திர தினமும் குடியரசு தினமும் நெருங்கும்போது ‘உஷார் நிலை’, ‘ரெட் அலர்ட்’, ‘பலத்த பாதுகாப்பு’, ‘போலீஸ் குவிப்பு’ ஆகியவை தலைப்புக்கு வரும். நாள் கழிந்ததும் மறையும். இலங்கைத் தமிழின் சொற்கள் இடத்தைச் சார்ந்தவை. காவலாளி நிற்கும் இடம் ‘காவலரண்’, பேச்சில் ‘சென்றி’. அதன் முன்னே ‘மண் அணை’, கீழே ‘பங்கர்’. சண்டைக் கோட்டில் ‘முன்னரங்கு’, இரு தரப்புக்கும் நடுவே ‘சூனியப் பகுதி’. முகாமைச் சுற்றிக் குடியிருக்க விடாத நிலம் ‘உயர் பாதுகாப்பு வலயம்’. தமிழகத்தில் ‘செக்போஸ்ட்’ என்ற ஒரே சொல் சந்தனக்கட்டைக்கும் ஆற்றுமணலுக்கும் படை வாசலுக்கும் பொதுவாக நின்றுவிடுகிறது.

படையைக் குறிக்கும் சொற்களில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. தமிழகத்தில் ‘பட்டாளம்’ என்றால் லீவில் வரும் மகன், ஓய்வூதியம், கேன்டீன் சாமான். அசைவம் சமைக்கும் கடைக்கு ‘மிலிட்டரி ஹோட்டல்’ என்று பலகை எழுதி மாட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ‘ஆமி’ என்ற சொல்லைச் சாப்பாட்டுக் கடைக்குச் சூட்ட எவருக்கும் தோன்றாது.

ஆனாலும் ‘காவலரண்’ பெருமைப்படத்தக்க சொல். திருக்குறளில் ‘அரண்’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. நீர், வெட்டவெளி, மலை, காடு என அடுத்தடுத்து அமையும் தடைகளையே அது காப்பாகச் சொல்கிறது. இன்றைய பாதுகாப்பு நூல்கள் பேசும் அடுக்குக் காவலும் அதுவே. அந்தப் பழஞ்சொல்லை நூலகத்தில் விடாமல் தெருவில் வைத்துப் புழங்கியது ஈழத்து வழக்கு.

தளங்களுக்குப் பெயர் சூட்டுவதில் இந்தியாவுக்கும் ஒரு சிறப்பு உண்டு. அரக்கோணத்துக் கடற்படை விமானத் தளம் ‘ராஜாளி’, இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளித் தளம் ‘பருந்து’, திருநெல்வேலிப் பக்கத்துத் தொடர்பு நிலையம் ‘கட்டபொம்மன்’. நல்ல தமிழ்ப் பெயர்கள். இலங்கைக் கடற்படையின் காரைநகர்த் தளமும் ஒரு தமிழ் மன்னன் பெயரையே தாங்குகிறது. சிங்கள உச்சரிப்பில் அது ‘எலார’. அந்த மன்னன் எல்லாளன்.

அடுக்குகள்

காவல் வெளியிலிருந்து உள்ளே அடுக்கடுக்காகச் செல்கிறது. முதலில் வேவும் அயலவர் தரும் தகவலும். அடுத்து வேலியும் ரோந்துப் பாதையும். பின்னர் வாசல், அதற்குள் விமானம், வெடிமருந்து, கட்டளைப் பீடம் ஆகியவற்றுக்குத் தனிக் காவல். இறுதியாக, உள்ளே எவராவது புகுந்தால் பாயக் காத்திருக்கும் அணி. ஓர் அடுக்கு தவறினால் அடுத்தது பிடிக்க வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

போர்க்கால இலங்கைச் சோதனைச் சாவடியின் அமைப்பு இதற்கு நல்ல விளக்கம். மண் நிரப்பிய தார்ப் பீப்பாக்கள் வீதியின் இருபுறமும் மாறி மாறி நிற்கும். நேரே ஓடி வரும் வாகனம் அங்கே பாம்பு போல வளைந்தே ஆக வேண்டியிருந்தது. வேகம் தானாகக் குறையும். பீப்பாக்களுக்கும் கட்டடத்துக்கும் இடையிலுள்ள தூரமும் ஒரு காவல்தான். தூரம் கூடக் கூட வெடிப்பின் விசை விரைவாகத் தளரும். இரவில் வருபவர் முன்விளக்கை அணைத்து உள்விளக்கைப் போட வேண்டியிருந்தது. வெளிச்சம் காவலாளியின் கண்ணைக் கூசச் செய்யாது, வாகனத்துள் எத்தனை பேர் என்பதும் தெரியும். சைக்கிளில் வருபவர் இறங்கி உருட்டிச் செல்ல வேண்டியிருந்தது. பேருந்துப் பயணிகள் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, வரிசையில் நடந்து, மறுபுறத்தில் ஏற வேண்டியிருந்தது. பெண்களைச் சோதிக்கத் திரைக்குப் பின்னால் பெண் சிப்பாய்கள் நிற்பார்கள். ஒரு பீப்பா கூடியிருந்தாலும், நேற்றுவரை கையசைத்து அனுப்பிய சிப்பாய் இன்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும், நிலைமை மாறிவிட்டது என்று ஊர் அறிந்துகொள்ளும்.

இந்த ஏற்பாடுகள் விலை கொடுத்துக் கற்றவை. 2001 யூலை 24 அதிகாலையில் விடுதலைப் புலிகளின் 14 பேர் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தினுள் புகுந்து, அடுத்திருந்த சர்வதேச விமான நிலையம் வரை சென்றனர். போர் விமானங்களோடு பயணிகள் விமானங்களும் எரிந்தன. 2006 ஏப்ரல் 25 இல் கொழும்பு இராணுவத் தலைமையகத்துக்குள்ளேயே தற்கொலைத் தாக்குதல் நடந்தது. படை மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணி என்ற தோற்றத்தில் ஒரு பெண் உள்ளே சென்றிருந்தார். அன்றைய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா படுகாயமடைந்தார். 2007 ஒக்ரோபர் 22 இல் புலிகளின் தற்கொலைப் படையினரான 21 கரும்புலிகள் அநுராதபுரம் விமானப்படைத் தளத்தைத் தாக்கினர். முதலாவது வேலியின் குறை, இரண்டாவது வாசலின் குறை. மூன்றாவதோ, கட்டுநாயக்காவின் பாடம் ஆறு ஆண்டுகளில் மங்கிவிட்டதைக் காட்டியது.

இந்தியாவின் கட்டுநாயக்கா பஞ்சாபில் உள்ள பதான்கோட். 2016 சனவரி 2 அதிகாலையில் அங்கிருந்த விமானப்படைத் தளத்தினுள் ஆயுததாரிகள் புகுந்தனர். பாதுகாப்புப் படையினர் 7 பேர் உயிரிழந்தனர். சுற்றுமதிலை ஒட்டி ரோந்துப் பாதை இல்லை, அடர்ந்த புதரும் மரமும் ஊடுருவியவர்களுக்கு மறைப்பாயின என்று நாடாளுமன்ற நிலைக்குழு குறை கூறியது. இலங்கையில் முகாம் வேலியோரம் புல் முளைத்தாலே வெட்டப்படும் என்பதை அறிந்தவருக்கு இது வியப்பாகவே இருக்கும். ஆனால் எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்து, தேசியப் பாதுகாப்புப் படை முதல்நாளே இறக்கப்பட்டிருந்ததால் விமானங்கள் தப்பின. உள் அடுக்கு அங்கே தன் வேலையைச் செய்தது. கட்டுநாயக்காவில் அது நடக்கவில்லை.

அதன்பின் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் பிலிப் கம்போஸ் தலைமையில் அமைந்த குழு படைத்தளங்களின் காவலை ஆராய்ந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் ஊரி, நவம்பரில் நக்ரோட்டா என மேலும் இரு முகாம்கள் தாக்கப்பட்டன. இந்தியத் தளங்களுக்கென்றே ஒரு தனிப்படையும் உண்டு. படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களை மீண்டும் சேர்க்கும் பாதுகாப்புக் காவல் படை அது. அதன் மையம் கேரளத்துக் கண்ணூரில் இருக்கிறது. இலங்கை விமானத் தளங்களை விமானப்படையின் தரைப்படைப் பிரிவு காக்கிறது.

வானிலிருந்து வரும் ஆபத்தைத் தீவு முன்னரே கண்டுவிட்டது. 2007 மார்ச் 26 இல் புலிகளின் சிறு விமானம் கட்டுநாயக்காத் தளத்தில் குண்டு வீசியது. அடுத்த மாதம், இலங்கை ஆடிய உலகக் கிண்ண இறுதியாட்டத்தின் இரவில் வான் தாக்குதல் அபாயம் வர, கொழும்பில் மின்சாரம் நிறுத்தப்பட்டு ஆட்டம் பார்த்திருந்தோர் இருட்டில் உட்கார்ந்தனர். இந்தியத் தளமொன்றின் மீது ஆளில்லா விமானம் குண்டு போட்டது 2021 யூன் 27 இல், ஜம்முவில்.

வீதி

வேலிக்குள் வலுவான படை, வீதியில் இலகுவான இலக்கு. 2006 ஒக்ரோபர் 16 இல் ஹபறணைக்கு அருகே கடற்படையினரின் பேருந்துகள் மீது வெடிமருந்து லொறி மோதியதில் ஏறத்தாழ நூறு பேர் இறந்தனர். 2019 பெப்ரவரி 14 இல் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினரின் வாகன அணி மீது வெடிமருந்துக் கார் மோதி 40 பேரைக் கொன்றது. மருந்து இரு நாட்டிலும் ஒன்றே: படை போகும்போது வீதியை மூடுவது. அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் காஷ்மீர் நெடுஞ்சாலை வாரத்துக்கு இரு நாட்கள் பொதுமக்களின் வாகனங்களுக்கு மூடப்பட்டபோது இந்தியாவில் பெரும் சர்ச்சை எழுந்தது. போர்க்கால யாழ்ப்பாணத்தில் ‘கொன்வோய்’ போகும்வரை ஒழுங்கைகளில் காத்து நிற்பது அன்றாடச் சங்கதி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் அந்த நேரத்தைக் கணக்கில் எடுத்தே வீட்டிலிருந்து புறப்பட்டது.

நிலம்

தளத்துக்கு வெளியே எவ்வளவு வெற்று நிலம் வேண்டும் என்பதில்தான் இரு நாடுகளும் மிகவும் விலகுகின்றன. இந்தியாவில் இதற்கு 1903 ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டம் இருக்கிறது. தளத்தின் வெளி அரணிலிருந்து 2,000 யார், 1,000 யார், 500 யார் என்று தூரத்தை அளந்து, எந்த எல்லைக்குள் எதைக் கட்டக்கூடாது என்று அது சொல்கிறது. உரிமையாளருக்கு இழப்பீடும் உண்டு. வெள்ளைக்காரன் எழுதிய சட்டமானாலும், அளவுகோலும் இழப்பீடும் எழுத்தில் இருப்பது பெரிய விடயம்.

இலங்கையில் வலயம் அவசரகாலத்தின் பிள்ளை. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். பலாலி விமானத் தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றிய ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. செம்மண் தோட்டங்களும் கோவில்களும் மயிலிட்டி மீன்பிடித் துறையும் அதற்குள் போயின. 2013 இல் அங்கே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. தமிழகத்தார் ‘நில எடுப்பு’ என்பதை இலங்கையில் ‘காணி சுவீகரிப்பு’ என்பர். சொல் பெரிது, வலியும் பெரிது. எதிரியின் பீரங்கி எட்டும் தூரத்தை வைத்து வலயம் வரையப்பட்டது என்பது படையினரின் வாதம். பீரங்கி ஓய்ந்தபின் எல்லை ஏன் சுருங்கவில்லை என்பது காணிக்காரரின் கேள்வி.

போர்நிறுத்த காலத்தில் இந்த வலயங்களை ஆராய்ந்து அறிக்கை தருமாறு கொழும்பு அழைத்தது ஓர் இந்தியரை: ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார். அளவுகோலுக்கு அயலாரிடம் போக வேண்டியிருந்தது. ஆனால் காஷ்மீரிலும் படை முகாம்களுக்குள் தோட்டமும் வீடும் போனவர்கள் உண்டு என்பதால், சட்டம் எழுத்தில் இருப்பதும் நிலத்தில் இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செய்தி

வேலி, வாசல், நிலம் அனைத்தும் செய்தியில் தங்கியிருக்கின்றன. இந்தியாவில் பல அமைப்புகளின் தகவல்கள் உளவுத்துறையின் கீழ் உள்ள பன்முகமை மையத்தில் சேர்கின்றன. தமிழகக் கரையில் ‘சாகர் கவச்’ என்ற ஒத்திகை அடிக்கடி நடக்கும். தீவிரவாதி வேடத்தில் படகில் வரும் பொலிசாரை வேறு பொலிசார் பிடிப்பார்கள். மறுநாள் பேப்பரில் படம் வரும். வேடிக்கை போலத் தோன்றினாலும், மீனவரை வெளி அடுக்காகச் சேர்த்துக்கொள்ளும் நல்ல பழக்கம் அது.

இலங்கையின் பெருங்குறை இங்கேதான். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் குறித்த எச்சரிக்கை அதே மாதம் 4 ஆம் திகதியே இந்தியாவிலிருந்து வந்திருந்தது. அது தேவாலயங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் போய்ச் சேரவில்லை. 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முப்பது ஆண்டு சென்றியில் நின்ற நாட்டுக்குக் காவல் தெரியாமல் இல்லை. கையில் இருந்த கடிதம்தான் உரியவரிடம் போகவில்லை.

மொத்தத்தில், இந்தியாவின் ஏற்பாடு எழுத்தில் உறுதியானது, வேலியோரத்தில் தளர்ந்தது. இலங்கையின் ஏற்பாடு வேலியோரத்தில் கண்விழித்தது, எழுத்தில் தளர்ந்தது. அச்சுறுத்தல் நிலை இறங்கியதை இலங்கையில் எந்தப் பலகையும் அறிவித்ததில்லை. பீப்பா அகன்றும் வீதி திறந்தும்தான் அது தெரிந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. பலாலித் தளத்தையொட்டிய வசாவிளான்–பலாலி வீதி, போர் முடிந்து பதினாறு ஆண்டுகள் ஆகவிருந்த 2025 ஏப்ரலில், நேரக் கட்டுப்பாட்டுடன் திறக்கப்பட்டது.