விமானம் பறக்காத நாள்களும் கோவளத்து விடுதிகளும்

2025 டிசம்பர் 5 அன்று நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இண்டிகோ விமானங்கள் ரத்தாயின. விமானிகளின் ஓய்வு நேரம் குறித்த புதிய விதிக்கு ஏற்ற ஆள்பலம் இல்லாமல் போனதே முக்கியக் காரணம். சென்னையிலிருந்து கிளம்ப வேண்டிய அந்த நிறுவனத்தின் விமானங்கள் மாலைவரை ஓடுபாதையை எட்டிப்பார்க்கவில்லை. இப்படிப்பட்ட நாளில் பெட்டியோடு நிற்கும் குடும்பத்தின் நிலை நமக்குத் தெரிந்ததுதான். விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று, பிள்ளைகளிடம் ஆசை காட்டியாயிற்று, வீட்டுக்குத் திரும்ப யாருக்கும் மனமில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரிப் பக்கத்துக் குடும்பமாக இருந்தால் அடுத்து யாராவது ஒருவர் சொல்லப்போகும் பெயர் கோவளம்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வந்து, மாம்பாக்கம், புதுப்பாக்கம் தாண்டி, கேளம்பாக்கத்தில் உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையைப் பிடித்தால், கழியைக் கடந்ததும் கடல். விசா வேண்டாம், பாதுகாப்புச் சோதனை வேண்டாம். ‘ஸ்டேகேஷன்’ என்று நகரத்தார் அழைக்கும் இந்தப் பழக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேரூன்றியது கொரோனா காலத்தில். 2020 மார்ச் இறுதியில் நின்ற வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து 2022 மார்ச் 27இல்தான் முழுமையாகத் திரும்பியது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஐரோப்பாவும் சிங்கப்பூரும் பணம் இருந்தவர்களுக்கும் எளிதில் எட்டாத தொலைவில் இருந்தன. அந்த நேரத்தில் பக்கத்துக் கடல்கூடச் சுலபமாகக் கிடைக்கவில்லை. கோவளம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பதால் சென்னைக்காரர்களுக்கு இ-பாஸ் தேவைப்பட்டது. 2020 செப்டம்பர் 1இல் மாநிலத்துக்குள் அந்தக் கட்டுப்பாடு விலகி விடுதிகளும் திறந்த பிறகுதான் கார்கள் தெற்கே திரும்பின. ஐரோப்பாவுக்கு எடுத்து வைத்த பணம் கடற்கரை விடுதிகளுக்குப் போகத் தொடங்கியதும் அப்போதுதான்.

இந்தப் பழக்கத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவையும் கைக்குழந்தையையும் ஒரே பயணத்தில் அழைத்துப்போக முடிவது பெரிய விஷயம். ஐரோப்பியப் பயணத் திட்டத்தில் அம்மாக்களுக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. வீட்டுப் பெண்கள் இரண்டு வேளை அடுப்படிக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பதும் பெரிய விஷயம்தான். நாலு பேர் ஊர்சுற்றக் கிளம்பினாலும் முதல்நாள் இரவே புளியோதரை கிளறி வைப்பது நம் வழக்கம். விடுதி அந்தச் சுமையை இறக்கி வைக்கிறது. நீண்ட தூர விமானம் எரிக்கும் எரிபொருளையும் அது கக்கும் கரியையும் நினைத்தால், முப்பது, நாற்பது கிலோமீட்டர் கார் பயணம் ஒன்றுமே இல்லை. ஊருக்குள் வரும் வேலையும் உண்டு: அறை சுத்தம் செய்பவர், தோட்டக்காரர், காவலாளி, சமையல்கட்டு உதவியாளர், வாடகைக் கார் ஓட்டுநர். இவையெல்லாம் உண்மையான நன்மைகள்.

ஆனால் விமானம் ஏன் நின்றது என்பதைப் பொறுத்தே இந்த மாற்று வழி செல்லுபடியாகும். 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் மீனம்பாக்கத்துக்குள் புகுந்ததில் விமான நிலையம் சில நாள்கள் மூடிக்கிடந்தது. அதே மழையில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் நீரில் நின்றன. 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் விமானங்கள் நின்றன. இப்படிப்பட்ட நேரத்தில் கோவளம் ஓய்வுக்கான இடமாக இருக்க முடியாது. தென்சென்னைப் புறநகரின் ஏரிகள் நிரம்பி வழியும் நீரில் பெரும்பகுதி பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைச் சேர்கிறது. நம் வீட்டு வாசலில் தேங்கும் வெள்ளத்துக்கு வடிகாலே இந்த ஊர். புயல் எச்சரிக்கை இருக்கும்போது ‘மழைக்காலச் சலுகை’ என்று அறைகளை விற்பது எனக்குப் பொறுப்பான காரியமாகத் தோன்றவில்லை.

ஆள் பற்றாக்குறை, கணினிக் கோளாறு, தொலைதூர எரிமலை போன்ற காரணங்களால் விமானம் நிற்கும்போதுதான் இந்தப் பழக்கத்தை நேர்மையாக எடைபோட முடியும். அதற்கு ஐரோப்பாவையே எடுத்துக்கொள்ளலாம். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எய்யாஃப்யாட்லயோகுட்ல் எரிமலை சாம்பலைக் கக்கியபோது, ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி ஏறக்குறைய ஒரு வாரம் மூடப்பட்டது. சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாகி ஒரு கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். வழியில் மாட்டிக்கொண்டவர்கள் ரயிலையும் படகையும் மொய்த்தார்கள். லண்டனிலிருந்து பாரிசுக்கு ரயிலில் இரண்டே கால் மணி நேரம் சொச்சம்தான். வானம் மூடினாலும் குறுகிய விடுமுறைக்கு வழி திறந்தே இருக்கும்படி அங்கே தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். கோவளத்துக்கு ரயில் கிடையாது. மாமல்லபுரம் வழியாகக் கடலூருக்குப் போக வேண்டிய பாதை ஆண்டுக்கணக்காகக் காகிதத்திலேயே இருக்கிறது. எனவே இங்கே குறுகிய விடுமுறை என்றால் கார் வைத்திருப்பவர் விடுமுறை. ஞாயிறு மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர்ந்து போகும் வண்டிகளைப் பார்த்தால், சேமித்த நேரம் எங்கே போகிறது என்று புரியும்.

ரயிலைவிட முக்கியமான வேறுபாடு இன்னொன்று உண்டு. பாரிசிலோ பிராகிலோ இரண்டு நாள் தங்கப் போகிறவர் சொகுசை அனுபவிப்பது பெரும்பாலும் விடுதிக்கு வெளியே. அறை சின்னதாக இருக்கலாம், லிஃப்ட்டில் இரண்டு பேருக்கு மேல் நிற்க முடியாமலும் போகலாம். ஆற்றங்கரை, சதுக்கம், அருங்காட்சியகம், தெருவோரக் காப்பிக் கடை ஆகியவற்றுக்குத்தான் அவர் இவ்வளவு செலவழித்துப் போகிறார். காலையில் இறங்கி நடந்தால் இரவுதான் அறைக்குத் திரும்புவார். அந்தச் சுகம் ஊர்க்காரருக்கும் விருந்தாளிக்கும் பொது. கோவளத்தில் விற்கப்படும் சொகுசு முழுக்க மதிலுக்கு உள்ளே இருக்கிறது. நீச்சல்குளம், பஃபே, ஸ்பா, கடலைப் பார்த்த பால்கனி எல்லாம் உள்ளேதான். பகல் 2 மணிக்கு அறை கிடைக்கும், மறுநாள் 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இரண்டு நாள் விடுமுறை என்ற பெயரில் கைக்கு வருவது 21 மணி நேரம். கொடுத்த காசுக்கு ஈடு கட்ட வேண்டும் என்ற பதற்றத்தில் வாசலைத் தாண்டவே யாருக்கும் தோன்றுவதில்லை. ஐரோப்பாவுக்கு மாற்று என்று இதைச் சொல்வது இந்த இடத்தில்தான் பிசகுகிறது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியது ஊருக்குள் நடக்கும் வழக்கத்தை. அதை விட்டுவிட்டு மெத்தையையும் காலை உணவையும் எடுத்துக்கொண்டோம்.

கோவளத்தில் வாசலைத் தாண்டினால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1719 வாக்கில் இன்றைய பெல்ஜியத்திலிருந்து கிளம்பிய ஆஸ்டெண்ட் வணிகர்கள் சோழமண்டலக் கரையில் கடை விரித்த இடம் இது. ஊரின் பெயரை ‘காபெலோன்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆர்க்காட்டு நவாப் காலத்துக் கோட்டை ஒன்று இங்கே இருந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் தந்திரமாக அதைப் பிடித்தார்கள். 1752இல் பிரெஞ்சுப் படையைக் கிளைவ் பணியவைத்தபின் கோட்டை தகர்க்கப்பட்டது. 1974இல் திறக்கப்பட்ட தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதி நிற்பது பழைய கோட்டை இருந்த நிலத்தில்தான். கர்மேல் மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா, கைலாசநாதர் கோயில் மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். ஐரோப்பாவில் ஒரு சின்னக் கடலோர ஊருக்கு இவ்வளவு கதை இருந்தால், கையில் வரைபடத்தைக் கொடுத்துக் காலை நடைக்கு அழைத்துப்போக ஆள் வைத்திருப்பார்கள்.

அதையெல்லாம் விடக் காலை மீன்கரை. ஃபைபர் படகு மணலில் ஏறியதும் வலையை விரித்துப்போட்டு நாலைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழற்றுவது பார்க்கச் சுலபம்போல இருக்கும். கால் ஒடிந்த நண்டுக்கு விலை இல்லை என்பதால் அவர்கள் அவசரப்படுவதே இல்லை. பக்கத்தில் பெண்கள் நெத்திலியைக் கூறு போட்டு விற்பார்கள். சங்கராவும் வஞ்சிரமும் தனியாக ஏலம் போகும். அந்த வஞ்சிரத்தின் துண்டு ஒன்று இரவு உணவில் தட்டுக்கு வந்தாலும் வரலாம். ஆனால் அது இறங்கிய கரையைப் பார்க்காமலே விருந்தாளி ஊர் திரும்புகிறார்.

மதில் யாருக்குச் சாதகமாக வேலை செய்கிறது என்பதை 2020 தெளிவாகக் காட்டியது. செப்டம்பரில் விடுதிகள் திறந்துவிட்டன. பொதுக் கடற்கரைகள் திறந்ததோ டிசம்பர் 14இல். நடுவில் மூன்று மாதத்துக்கு மேல், அறை வாடகை கொடுக்க முடிந்தவர் பால்கனியில் இருந்து கடலைப் பார்த்தார், மற்றவர் பார்க்க வழியில்லை. அதே ஆண்டில், கொஞ்சம் தெற்கே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை, பார்வையாளர் கட்டணம் நின்றுபோனதால் விலங்குகளுக்குத் தீனி போடப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டது. பயணப் பணம் ஊருக்குள் வந்தும், ஊரின் பொது இடங்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

பணத்தின் பாதை இன்றும் அப்படித்தான். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டிய அறைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அது மத்திய, மாநில அரசுகளுக்குப் பங்காகிறது. கோவளம் ஊராட்சி நேரடியாக வசூலிக்க முடிவது வீட்டு வரியும் தொழில் வரியும் போன்றவைதான். சனி, ஞாயிறு கூட்டத்தின் குப்பையையும் கழிவுநீரையும் நெரிசலையும் சுமப்பது ஊர், இரவு ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் வரி போவது வேறெங்கோ. ஆம்ஸ்டர்டாம் நகராட்சி 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதத்தைச் சுற்றுலா வரியாக வாங்குகிறது. பகலில் வந்து போகிறவர்களிடம்கூட வெனிஸ் அதே ஆண்டு முதல் நெரிசலான நாள்களில் நுழைவுக் கட்டணம் கேட்கிறது. விருந்தாளியால் ஆகும் செலவை விருந்தாளியும் ஏற்க வேண்டும் என்பதில் அந்த ஊர்களுக்குக் கூச்சம் இல்லை.

விலை விஷயத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. இண்டிகோ குழப்பத்தின்போது மத்திய அரசு தலையிட்டு, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் 1,500 வரை 15,000 ரூபாய் என்று விமானக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தது. விடுதி அறைக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. திடீர்க் கூட்டம் வந்தால் வாடகையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். விமானம் ரத்தானால் பணத்தைத் திருப்பித்தர விதி இருக்கிறது. ‘திருப்பித்தர இயலாது’ என்று பொடி எழுத்தில் போட்டு முன்பணம் வாங்கிய விடுதியோடு மல்லுக்கட்ட நுகர்வோர் நீதிமன்றம்தான் மிச்சம். மழையால் சாலை மூடும் கரையோரத்தில் இந்த நிபந்தனை நியாயமானதல்ல.

இதே ஊரில் வேறு மாதிரியும் செய்துகாட்டியிருக்கிறார்கள். மீனவர் மூர்த்தி மேகவன் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012இல் கோவ்லாங் பாயிண்ட் அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு முதல் நடந்த அலைச்சறுக்கு விழா ஊரின் பெயரை நாடறியச் செய்தது. இங்கே கற்றுக்கொடுப்பவர்கள் பலரும் இந்தக் குப்பத்தில் வளர்ந்த இளைஞர்கள். எந்த அலையில் ஏறலாம், எதை விட்டுவிட வேண்டும் என்ற அறிவு அவர்களுக்குப் படகிலிருந்து வந்தது. அலைச்சறுக்கு கற்க வருகிறவர் அதிகாலையில் எழுந்து, உப்புத் தண்ணீர் குடித்து, குப்பத்துப் பையன் சொல்வதைக் கேட்டாக வேண்டும். விருந்தாளி கற்றுக்கொள்கிறவராகவும் ஊர்க்காரர் சொல்லிக்கொடுப்பவராகவும் இடம் மாறுவதைத்தான் நல்ல பயணம் என்பேன்.

2021 செப்டம்பரில் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் அப்போதே. டென்மார்க்கிலிருந்து இயங்கும் அமைப்பு, நீரின் தூய்மை முதல் பாதுகாப்புவரை 33 அளவுகோல்களை வைத்துத் தருவது இது. கழிப்பறை, உடை மாற்றும் அறை, உயிர்காப்பாளர் எல்லாம் மதிலுக்கு வெளியே, பேருந்தில் வந்து இறங்குகிறவருக்கும் கிடைப்பதால் இதை வரவேற்கிறேன். ஒரே எச்சரிக்கை: கரை என்பது மீனவருக்கு வலை காயவைக்கும் முற்றம், படகு நிறுத்தும் இடம். அழகுபடுத்தும் வேலை அந்த முற்றத்தை ஓரங்கட்டினால் சான்று யாருக்கு என்ற கேள்வி எழும்.

என் தீர்ப்பு இதுதான். விமானம் நின்றால் கோவளத்துக்குப் போவது நல்ல பழக்கம். மதிலுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்புவது அந்தப் பழக்கத்தின் பாதியை வீணாக்குகிறது. சொகுசு விடுதி அறைகளுக்கு இரவு ஒன்றுக்கு ஒரு சிறு கட்டணம் வைத்து, அது நேராகக் கோவளம் ஊராட்சிக்கே போகும்படி தமிழ்நாடு அரசு சட்டம் செய்ய வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் முன்பணம் தானாகத் திரும்ப வேண்டும் என்றும் அதிலேயே எழுத வேண்டும். வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. முடிந்தால் வாரநாளில் போங்கள். பணத்தைத் திருப்பித்தருவார்களா என்று அறை பதியும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு, பஃபே திறக்கும் முன்பே, அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மீன்கரைக்கு நடந்து போய்வாருங்கள்.